நடுக் கட்டத்தில் ஒரு சொல்

அத்தியாயம் 11

நேர்காணல் பிற்பகலில்தான். ஆனாலும் சுண்டு காலையில் பல் தேய்க்கும்போதே பதில்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆக்சிலரேட்டரிடமிருந்து அழைப்பு மடல் வந்த அன்று அண்ணி சர்க்கரை டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் கொட்டியது நமக்கு நினைவிருக்கும். அந்த இனிப்பு எப்போதோ நாக்கை விட்டு இறங்கிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது பயம்தான்.

சுண்டு என்பது வீட்டுப் பெயர். கடைசியாகப் பிறந்தவள், சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அப்பா வைத்தது. முப்பது தாண்டியும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"அதென்ன ஆக்சிலரேட்டர்? வண்டில கால்ல மிதிப்போமே, அதுவா?" என்று அண்ணி அன்றே கேட்டிருந்தாள்.

"கிட்டத்தட்ட அதேதான் அண்ணி. புதுசா ஆரம்பிக்கிற சின்னக் கம்பெனிகளைச் சேர்த்துக்குவாங்க. உட்கார இடம், செலவுக்குப் பணம், வழி காட்ட ஆளு எல்லாம் அவங்க பொறுப்பு. பதிலுக்குக் கம்பெனில ஒரு பங்கு கொடுக்கணும்."

"கம்பெனியா? நீ ஒருத்தி, லேப்டாப் ஒண்ணு. இதுலயும் பங்கு கேக்கறாங்களா!"

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் உண்மையும் அதுதான். பெரிய ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, படுக்கையறை மூலையில் மேஜை போட்டு, வரைவதிலிருந்து திட்டு வாங்குவது வரை எல்லாம் தானே பார்த்து சுண்டு உருவாக்கிய செயலி. பெயர் 'கூப்பிடு'. இந்த இடம் கிடைத்தால் அது பிழைக்கும். கிடைக்காவிட்டால் மூடிவிட்டுப் பழையபடி வேலை தேடுவது என்று அவளே அண்ணியிடம் சொல்லியிருந்தாள். சொன்னபோது தைரியமாகத்தான் இருந்தது.

'கூப்பிடு' பிறந்தது அப்பாவுக்காக. மொத்தச் சந்தையில் ஏலம் போட்டவர் அவர். எத்தனை பேர் கத்தினாலும் அவர் குரல்தான் மேலே நிற்கும். விலை ஏறிக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அவர் இஷ்டம். அவர் உள்ளங்கையைத் தட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது.

பக்கவாதம் ஒரே வீச்சில் அந்தக் குரலைக் கொண்டுபோனது. வலது கை போனது. எழுத்தும் போனது. எதிரில் எழுதிக் காட்டினாலும் படம் போட்டுக் காட்டினாலும் பிடிபடவில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற நினைவு மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சுண்டு வேலையை ஆரம்பித்தாள். போன் திரை முழுக்க ஒன்பது பெரிய கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் ஒரு குரல் அவருக்காகப் பேசும்.

குரல் அண்ணியுடையது. பதிவு செய்த அன்று சுண்டுவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அண்ணன் 'தண்ணி' என்றால் அதட்டுவது போல இருந்தது. கடைசியில் அடுப்படியில் நின்றபடியே அண்ணி ஒன்பதையும் சொல்லி முடித்தாள். அதனால் இந்த வீட்டில் மாமனார் மருமகளை மருமகளின் குரலிலேயே கூப்பிடுகிறார்.

"என்னை நானே கூப்பிட்டு, நானே ஓடி வர்றேன். இந்தக் கூத்து எந்த வீட்ல நடக்கும்?" என்று அண்ணி சொல்லாத நாள் கிடையாது.

இந்த வாரம் அவள் அதைச் சொல்லவில்லை.

"டீவி போடு" என்றது ஹாலில் அண்ணியின் குரல். போனிலிருந்து.

"போட்டுத்தானே இருக்கேன் மாமா" என்றது அதே குரல். இது அண்ணியே. "இன்னும் ரெண்டு வாய். அடம் பிடிக்காதீங்க."

"டீவி போடு. டீவி போடு."

சத்தம் கூடியது. யாரோ செய்தி வாசிக்கும் பெண் வீடே அதிரப் பேசினாள். அப்புறம் ஸ்பூன் தரையில் விழுந்து உருளும் ஓசை.

சுண்டு எட்டிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் அப்பா. முகவாயில் மசித்த சாப்பாடு வழிந்திருந்தது. கண் சிவந்திருந்தது. இடது கை போனைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தது. அண்ணி குனிந்து தரையைத் துடைத்தாள்.

"ஒரு வாரமா இவர் இவராவே இல்ல சுண்டு. டீவி போடச் சொல்றாரு. போட்டா கண்ணை மூடிக்கறாரு. ஊட்டினா தட்டி விடறாரு."

"டாக்டர் சொன்னாரே அண்ணி. சில பேருக்குக் குணம் மாறும்னு."

"மாறட்டும். வாய்க்குள்ள சோறு போகாட்டி உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதான் கெஞ்சி, மிரட்டி, எப்படியோ தள்ளிக்கிட்டு இருக்கேன்." அண்ணி ஸ்பூனைக் கழுவப் போனாள். போகிற போக்கில், "நீ போய் உன் வேலையைப் பாரு. இன்னிக்கு உன்னோட நாள்" என்றாள்.

சுண்டு உள்ளே வந்து தன் வேலையைப் பார்த்தாள். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று எல்லாம் தயார்தான். கணக்குப் படங்கள் தயார். கடந்த சில மாதங்களில் 'கூப்பிடு' இறங்கிய போன்களின் எண்ணிக்கைக் கோடு மளமளவென்று மேலே ஏறியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர்கள் அழைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தது. யார் எந்தக் கட்டத்தைத் தொடுகிறார்கள் என்பது, அவர்கள் அனுமதி கொடுத்திருந்தால், சுண்டுவுக்குத் தெரியும். பழைய பயனாளர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் நாள் முழுக்கத் தொடுவார்கள். புதியவர்கள் வேறு மாதிரி. இறக்கிய அன்றைக்கு வரிசையாக ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரு முறை கேட்பார்கள். தண்ணி, பசி, வலி, குளிர், பயம் என்று. அதோடு சரி. அப்புறம் மூச்சே இருக்காது.

முதலில் பிழை என்று நினைத்தாள். தேடித் தேடிப் பார்த்தும் பிழை இல்லை. பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. இவர்கள் கடைசி நாட்களில் இருப்பவர்கள். வீட்டில் யாரோ ஆசைப்பட்டுப் போனில் ஏற்றித் தருகிறார்கள். ஒரு முறை வரிசையாகக் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். இது தோன்றிய அன்று சுண்டு தட்டில் கை வைக்கவில்லை. முகம் தெரியாத அத்தனை பேருக்காகவும் அழுதாள். விண்ணப்பத்தில் அப்படியே எழுதியும் விட்டாள்: எங்கள் பயனாளர்களில் பலர் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்கள்.

லேப்டாப்பில் கேமராவைத் திறந்து பார்த்தாள். கறுப்பு. மூடித் திறந்தாள். கறுப்பு. நேரம் பார்த்து கழுத்தறுக்கிறதே என்று மேஜையில் ஒரு குத்து விட்டாள். அப்போதும் கறுப்புதான்.

அண்ணன் இருக்கும்போது என்ன கவலை? அண்ணனுக்கு மொபைல் ரிப்பேர் கடை. தன் பழைய போன் இதற்கு உதவாது; ஏதாவது ஒரு நல்ல போனும் அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்கி வந்தால் போயிற்று. போன் செய்தாள், எடுக்கவில்லை. வேலையில் கவனமாக இருந்தால் எடுக்க மாட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். ஒரு பக்கம் ஜெராக்ஸ், இன்னொரு பக்கம் தையல்காரர். முன்னால் ஒருவர் நிற்கலாம், இருவர் நின்றால் தோள் இடிக்கும். கண்ணாடி மேஜைக்குள் கவர்களும் சார்ஜர்களும். பின்னால் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால்தான் சூடாக்கும் தட்டும் பூதக்கண்ணாடி விளக்கும் பிரித்துப் போட்ட போன்களும். பசை வாடை அங்கிருந்துதான் வரும்.

முன்னால் யாரும் இல்லை. "அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

திரைக்குப் பின்னால் அண்ணி பேசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி. பசிக்குது. வலிக்குது."

அண்ணியை வீட்டில் விட்டு இப்போதுதானே வந்தோம்?

"பாத்ரூம். டீவி போடு. குளிருது."

முதல் வரிசை முடிந்து இரண்டாவது வரிசை. இடமிருந்து வலம். சுண்டுவுக்கு அந்த வரிசை மனப்பாடம். அந்த வரிசைக்காகத்தான் அவள் அழுதாள்.

"திரும்பிப் படுக்கணும். பயமா இருக்கு. இங்க வா."

அமைதி. ஏதோ ஒட்டும் ஓசை. வேறொரு போன் உயிர் பெற்று இசைக்கும் சத்தம். பிறகு மறுபடியும், "தண்ணி. பசிக்குது. வலிக்குது..."

சுண்டு திரையை விலக்கினாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். நெற்றியில் விளக்கு, கையில் புதுத் திரை மாட்டிய போன். "வந்துட்டியா! நானே வர்றதா இருந்தேன். இன்னிக்கு மட்டும் அஞ்சாறு போன் ஏத்திட்டேன் தெரியுமா? நீ உள்ள போய் பேசறப்ப கோடு இன்னும் ஒரு இன்ச் தூக்கி நிக்கும்."

"என்ன ஏத்துனே?"

"உன் செயலிதான். ஸ்க்ரீன் மாத்தினா டச் ஒழுங்கா வேலை செய்யுதான்னு மூலைக்கு மூலை தொட்டுப் பாக்கணும்ல? உன் கட்டம் அதுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. குரல் வருதா, அதோட ஸ்பீக்கரும் பாத்தாச்சு. கல்யாணமும் ஆச்சு, சாப்பாடும் ஆச்சு."

"எத்தனை நாளா அண்ணா?"

"நீதானே ஒரு நாள் சாப்பிடறப்ப சொன்னே, எத்தனை பேர் போன்ல இருக்குங்கறதைத்தான் முதல்ல பாப்பாங்கன்னு? மறுநாள்லேருந்து. கடைக்கு வந்த ஒரு போனைக்கூட நான் விட்டதில்ல." அவன் குரலில் அத்தனை பெருமை.

சுண்டு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாகக் கிடந்தவர்கள் யாரும் இல்லை. போனைக் கீழே போட்டு உடைத்தவர்கள்தான் இருந்தார்கள்.

"அண்ணா, அது பொய்க் கணக்கு."

"எது பொய்? போன் நிஜம்தானே? ஆளு நிஜம்தானே?"

"அவங்களைக் கேட்டியா? அடுத்தவங்க போன்ல அவங்களுக்குத் தெரியாம..."

"வேணாம்னா அழிச்சுக்கப் போறாங்க. நான் என்ன அவங்க வீட்டுக் கதவையா உடைச்சேன்?" அண்ணன் விளக்கைக் கழற்றினான். சிரிப்பு போய்விட்டது. "இங்க பாரு சுண்டு. எனக்குப் படிப்பு ஏறலை. உனக்கு எழுதித் தர முடியாது. ஆபீஸ்ல போய் சிபாரிசு பண்ண முடியாது. என்னால முடிஞ்சது இது. இன்னிக்குப் போய் அவங்ககிட்ட இதையெல்லாம் உளறி வைக்காதே. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் லேப்டாப் கேமரா கெட்டுப்போனதை மட்டும் சொன்னாள். அவனே ஒரு போனைத் துடைத்து, ஸ்டாண்டோடு அவள் மடியில் வைத்தான். சமாதானப்படுத்துவது போல ஏதோ பேசிக்கொண்டே போனான்.

"இப்ப புதுசா டீவி வெச்சிருக்கே பாரு, அது நல்லாருக்கு. முன்ன நடுவுல 'போதும்'னு ஒண்ணு இருந்துச்சே, அதை நான் தொடவே மாட்டேன். கடையில உட்கார்ந்துக்கிட்டு அந்தச் சொல்லை வர விடலாமா? வர்ற யாவாரமும் வாசலோட திரும்பிடும். மூலை நாலும் வேலை செஞ்சா சரி, நடுவுல ஒண்ணை விட்டா என்ன? நீயா எடுத்துட்டே, நல்லதாப் போச்சு."

சொல்லெல்லாம் காதில் விழுந்தது, எதுவும் மனசில் ஏறவில்லை. சுண்டு போனையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சொன்னால் இடம் போகும். இடம் போனால் 'கூப்பிடு' போகும். சொல்லாவிட்டால்? வழி நெடுக இதே யோசனைதான்.

பிற்பகல் நேர்காணலில், போன் திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். அவர்தான் தலைமை என்பது பேசாமலே தெரிந்தது. ஒரு பக்கம் தாடி வைத்த இளைஞர். இன்னொருவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

"தனி ஆளா இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கீங்க. சாதாரணமில்ல" என்றார் கண்ணாடிக்காரர். "உங்க விண்ணப்பத்துல அந்தக் கடைசி நாள் நோயாளிங்களைப் பத்தி எழுதியிருந்தீங்க. நான் அதை வீட்ல படிச்சுக் காட்டினேன்."

சுண்டுவுக்குக் காது மடல் சுட்டது. "நன்றி மேடம்."

"எங்களுக்கு ஒரு கேள்வி. விளம்பரம் எதுவும் இல்ல. ஆனா ஆளுங்க குவியறாங்க. எப்படி?" என்றார் தாடிக்காரர்.

இதுதான் இடம். இப்போது சொல்ல வேண்டும். சுண்டு வாயைத் திறந்தாள்.

"ஒருத்தர் சொல்லி ஒருத்தர்... அப்படியே பரவினதுதான் சார்."

அவ்வளவு சுலபமாக வந்தது. தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். தாடிக்காரர் தலையாட்டினார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை. சரி, இப்படியே போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்த அந்தக் கணத்துக்காகப் பிற்பாடு அவள் எத்தனை வெட்கப்பட்டாலும், நினைத்தது நினைத்ததுதான்.

"இவ்வளவு தகவல் கையில வருது. அதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்க? எதையாவது மாத்துனீங்களா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

இதற்குப் பதில் தயாராக இருந்தது. சுண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாத்தினேன் மேடம். ஒன்பது கட்டத்துல ஒண்ணை மட்டும் புதுசா வந்த யாருமே தொடலை. நூத்துக்கணக்கான பேர்ல ஒருத்தர்கூட. அதனால போன வாரம் எல்லார் போன்லயும் அதை எடுத்துட்டு, அந்த இடத்துல டீவி வெச்சேன். நாம நினைக்கறது முக்கியமில்ல, அவங்க என்ன செய்யறாங்கங்கறதுதான்..."

"எந்தக் கட்டம் அது?"

"நடுவுல இருந்தது. 'போதும்'."

ஹாலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "டீவி போடு. டீவி போடு. டீவி போடு."

"ஐயோ, போட்டுத்தான் இருக்கேன் மாமா! இந்தாங்க, இன்னும் ஒரே ஒரு வாய்..."

அதை நான் தொடவே மாட்டேன் என்று அண்ணன் சொன்னது அப்போதுதான் சுண்டுவின் மனசில் ஏறியது.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. படமும் பிடிபடாது. அவருக்குத் தெரிந்தது இடம் மட்டும். நடுக் கட்டம். ஒரு வாரமாக நடுக் கட்டத்தைத் தொடுகிறார். வயிறு நிறைந்ததும் தொடுகிறார். போன் வேறு எதையோ சொல்கிறது. அது இல்லை என்று அவருக்குத் தெரிகிறது, அதனால் மறுபடி தொடுகிறார், மறுபடியும் அதையே சொல்கிறது. டீவி இன்னும் சத்தமாகிறது. ஸ்பூன் இன்னும் உள்ளே வருகிறது.

"என்னாச்சு? லைன்ல இருக்கீங்களா?" என்றார் தாடிக்காரர்.

"இருக்கேன் சார்." அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். "நான் இப்ப சொன்னது பொய். யாரும் சொல்லிப் பரவலை. எங்க அண்ணன் ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. திரை மாத்தின போன்ல எல்லாம் அவர்தான் ஏத்தி, அவரே தொட்டுப் பாத்திருக்காரு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா தெரிஞ்சப்புறமும் உங்ககிட்ட பொய் சொன்னேன். நிஜமா இதை வெச்சுப் பேசறவங்க நாப்பது பேர்கூட இருக்க மாட்டாங்க."

எழுதுகிறவரின் பேனா நின்றிருந்தது.

"அப்ப அந்தக் கடைசி நாள் நோயாளிங்க?" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக.

"அப்படி யாருமே இல்ல மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை.

"டீவி போடு. டீவி போடு" என்று ஹாலில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மேடம், நான் போகணும். அது எங்க அப்பா. எடுத்துட்டேன்னு சொன்னேனே, அந்தச் சொல்லு அவரோடது."

"நேரம் இன்னும் முடியலை. நீங்களா எழுந்து போனா, நேர்காணல் இதோட முடிஞ்சதாத்தான் நாங்க எடுத்துக்க முடியும்."

"புரியுது மேடம்" என்று சொல்லிவிட்டு சுண்டு எழுந்தாள்.

அண்ணி ஸ்பூனை நீட்டியபடி நின்றாள். சுண்டு அவள் கையைப் பிடித்து விலக்கினாள். அப்பாவின் மடியிலிருந்து போனை எடுத்ததும் அவர் அதைப் பிடுங்கப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தந்துடறேன்பா. இதோ தந்துடறேன்."

பழைய வடிவம் லேப்டாப்பில் இருந்தது. அதை அப்பாவின் போனுக்கு மாற்ற அதிக நேரம் பிடிக்கவில்லை. மாற்றிக்கொண்டே அண்ணிக்கு நடந்ததைச் சொன்னாள். கடை, திரை, கோடு, நடுக் கட்டம் எல்லாம். அண்ணி ஸ்பூனைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்படின்னா..." அண்ணி கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். "ஒரு வாரமா மாமா போதும் போதும்னு சொல்லிட்டு இருந்திருக்காரு. நான் அவர் வாயைத் திறந்து திணிச்சிட்டு இருந்தேனா?"

அண்ணி சேலைத் தலைப்பால் அப்பாவின் முகவாயைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். அண்ணன். கடையை அரை நாளில் சாத்திவிட்டு வந்திருந்தான்.

"என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?"

"உண்மையைச் சொல்லிட்டேன்."

"பைத்தியமாடி நீ?" அவன் கையிலிருந்த சாவியை மேஜையில் எறிந்தான். "இத்தனை மாசம் நான் கழுத்து வலிக்க ஏத்தினது எதுக்கு? நல்லா வரணும்னுதானே?"

"நீங்க பண்ண நல்லதைப் பாருங்க" என்று அண்ணி திரும்பினாள். "உங்க யாவாரம் கெட்டுப் போயிடும்னு ஒரு சொல்லைத் தொடாம விட்டீங்களே, அது மாமா வாயை அடைச்சிடுச்சு."

"நான் என்ன கனவா கண்டேன்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணா" என்றாள் சுண்டு. அவளும் கத்திக்கொண்டிருந்தாள். டீவியை மீறிப் பேச வேண்டியிருந்தது.

"நீ பாத்திருக்கலாமே! எங்கேயோ இருக்கற போனை எல்லாம் உட்கார்ந்து பாத்தே, அழுதே. அப்பா பக்கத்து ரூம்ல இருக்காரு. எழுந்து வந்து ஒரு தடவை பாத்திருந்தா, அவர் எதைத் தொடறாருன்னு தெரிஞ்சிருக்காதா?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில்கூட எட்டிப் பார்த்துவிட்டு, குணம் மாறும் என்று சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனவள்தானே அவள்?

"அவளை ஏன் சொல்றீங்க? நீங்க பண்ண..."

"போதும்."

அண்ணியின் குரல்தான். ஆனால் அண்ணி பேசவில்லை.

மூவரும் திரும்பினார்கள். அப்பாவின் இடது கை போன் மேல் இருந்தது. திரை நடுவில். அவர் முகம் வியர்த்திருந்தது. தான் கேட்டது நிஜம்தானா என்று பார்ப்பது போல மறுபடியும் தொட்டார்.

"போதும்."

அண்ணன் தலை குனிந்துகொண்டான். சண்டை அந்த இடத்திலேயே நின்றது. ஏலச் சந்தையில் உள்ளங்கை தட்டினது போலத்தான். சுண்டுவுக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது. போனது போகட்டும், இந்த ஒரு சொல்லாவது திரும்பி வந்ததே என்று நினைத்தாள்.

"போதும்" என்றது போன்.

"சரி மாமா, இனிமே ஊட்டலை" என்று அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"போதும்."

அண்ணன் டீவியை அணைத்தான். வீடு சட்டென்று பெரிதானது போல இருந்தது.

"போதும்."

புழுக்கமாக இருக்குமோ என்று சுண்டு போர்வையை விலக்கினாள். முதுகுக்கு வைத்த தலையணையைச் சரி செய்தாள். வெளிச்சம் கண்ணில் படுகிறதோ என்று அண்ணன் ஜன்னலைச் சாத்தினான்.

"போதும். போதும்."

ஒரு வாரம் சேர்த்து வைத்ததை எல்லாம் சொல்லித் தீர்க்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. தன் மடியில் அசைவில்லாமல் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

அண்ணி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "மாமா" என்றாள். அவள் இத்தனை மெதுவாகப் பேசி சுண்டு கேட்டதில்லை. "எது மாமா? எதைப் போதும்ங்கறீங்க?"

அதற்கு அந்தப் போனில் கட்டம் கிடையாது.

உள்ளே மேஜை மேல் லேப்டாப் 'டிங்' என்றது. மடல் வந்தால் வரும் சத்தம். அண்ணன் சுண்டுவைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

நிறுத்துவதற்கு அந்த அறையில் இனி எதுவும் பாக்கி இல்லை. அப்பாவின் இடது கை மறுபடியும் நடுக் கட்டத்துக்குப் போனது.